ராயபுரம் மொட்டைமாடியில் ஒரு கேட்டலினா

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க. ரிமோட் பிளேன் பத்தி ஒண்ணும் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். டெக்னிக்கல் மேட்டர் வர்ற இடத்துல கையப் புடிச்சு கூட்டிட்டுப் போறேன்.

எட்டு மாசமா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு யாராவது ஒருத்தர் தேடியிருந்தா (யாரும் தேடலைன்னு தெரியும், ஒரு பேச்சுக்கு) அதுக்குக் காரணம் ஆறரை அடி இறக்கையோட எங்க வீட்டு மொட்டைமாடி ஷெட்டுல இருக்கு. பேரு கேட்டலினா. ரெண்டாம் உலகப் போர் காலத்துப் பறக்கும் படகு. சக்கரம் கிடையாது. தண்ணியிலதான் இறங்கும், தண்ணியிலேர்ந்துதான் ஏறும்.

ரிமோட் பிளேன் கட்டுறவங்க பொதுவா ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், செஸ்னான்னுதான் போவாங்க. கிட்டு கிடைக்கும், வரைபடம் கிடைக்கும், பறக்கவும் சொன்ன பேச்சு கேக்கும். எனக்கு நம்ம ஊர் சம்பந்தம் இருக்கற பிளேனாத்தான் கட்டணும்னு ரொம்ப நாளா ஒரு வெறி. மொதல்ல நினைச்சது டி ஏஞ்சலிஸ் விமானம். கார்சிகாவிலேர்ந்து வந்து மவுண்ட் ரோட்டுல ஹோட்டல் நடத்தின ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில சொல்லிச் செஞ்சு, 1910ல பல்லாவரத்துல பறந்து காட்டின இரட்டை இறக்கை விமானம். ஆனா ஸ்கேல் மாடல்னா மூணு பக்க வரைபடம் வேணும். என் கைக்குக் கிடைச்சதெல்லாம் மங்கலான போட்டோதான். அதை வெச்சுக் கட்டினா அது ஸ்கேல் மாடல் இல்ல, கற்பனைச் சித்திரம்.

அப்பத்தான் எங்க தெருத் தாத்தா ஞாபகம் வந்தார். சொந்தத் தாத்தா இல்ல, தெருவுக்கே தாத்தா. துறைமுகத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். தொண்ணூறைத் தாண்டிட்டார். சின்ன வயசுலேர்ந்து அவர் வாயால நான் கேட்ட கதை, "செங்குன்றம் ஏரியில தண்ணி பிளேன் நிக்கும்டா, வாத்து மாதிரி". நாங்க யாரும் நம்பினதில்ல. தாத்தா ரீல் விடறார்னு சிரிப்போம்.

ரீல் இல்லீங்க. செங்குன்றம், அதாவது நம்ம புழல் ஏரி, 1942 நடுவுலேர்ந்து 1945 வரைக்கும் பிரிட்டிஷ் விமானப்படையோட பறக்கும் படகுத் தளம். 240வது ஸ்குவாட்ரன் அங்கதான் இருந்துச்சு. வங்காள விரிகுடா மேல ரோந்து, கப்பல்களுக்குக் காவல், நீர்மூழ்கி தேடறது, கடல்ல விழுந்தவங்களைத் தூக்கிட்டு வர்றது எல்லாம் இங்கேர்ந்துதான். 3,300 மில்லியன் கன அடி தண்ணி புடிக்கற ஏரி. ரன்வே போட வேண்டாம், தார் ஊத்த வேண்டாம். இதே கேட்டலினாக்களை ரிப்பேருக்கு பெங்களூரு கொண்டு போனா பெள்ளந்தூர் ஏரியில இறக்கி, அங்கேர்ந்து ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்கு இழுத்துட்டுப் போவாங்களாம். பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கறதை மட்டும் பாத்தவங்களுக்கு இது இன்னொரு ரீல் மாதிரி இருக்கும் :-)

இங்க ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன். 1942 மார்ச்சுல அந்தமான் ஜப்பான் கைக்குப் போயிடுச்சு. ஏப்ரல் 4ந் தேதி, இலங்கையில கொக்கல ஏரியிலேர்ந்து கிளம்பின ஒரு கேட்டலினா, தெற்கே நடுக்கடல்ல ஜப்பானியக் கப்பல் படை வர்றதைப் பாத்துடுச்சு. ஓட்டினவர் லியனார்ட் பர்ச்சால், கனடாக்காரர். ரேடியோவுல செய்தி அனுப்பிட்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்திட்டாங்க. ஒன்பது பேர்ல மூணு பேர் செத்துட்டாங்க, மிச்ச ஆறு பேர் கைதி. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்புல குண்டு விழுந்துச்சு. அதுக்கும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்தான்னு ஊரே காலி பண்ணிட்டு ஓடிச்சு. அரசாங்க ஆபீசுங்களையே உள்ளூர்ப் பக்கம் மாத்தினாங்க. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன ஆகும்னு பயந்து, உயிர்காலேஜ்ல இருந்த சிங்கம் புலியை எல்லாம் சுட்டுக் கொன்னாங்க. துறைமுகத்தை ஒட்டி இருந்த எங்க ராயபுரம்காரங்களுக்கு 1914ல எம்டன் குண்டு போட்டு எண்ணெய் டாங்க் எரிஞ்ச கதை வேற வீட்டுக்கு வீடு இருந்துச்சு. கேக்கணுமா?

தாத்தாவுக்கு அப்ப எட்டு வயசு. சோளிங்கர் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல போய் இருந்துட்டு, சில மாசம் கழிச்சுத் திரும்பி வந்திருக்காங்க. அதுக்கப்புறம் செங்குன்றம் பக்கம் இருந்த அத்தை வீட்டுக்குப் போறப்பல்லாம் அவர் பாத்ததுதான் தண்ணி பிளேன். "அதைப் பாத்தப்பறம் ராத்திரி தூக்கம் வந்துச்சுடா"ன்னு ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு வரிதான் என்னைக் கட்ட வெச்சது. இன்னொரு அவசரமும் இருந்துச்சு. அவருக்கு ரெண்டு கண்ணுலயும் பார்வை இறங்கிட்டே வருது. நிழல் மாதிரி தெரியுது, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் கழிச்சுக் கட்டி முடிச்சா யாருக்குக் காட்டறது?

சரி, மேட்டருக்கு வருவோம்.

நெஜ கேட்டலினாவோட இறக்கை 104 அடி, நீளம் கிட்டத்தட்ட 64 அடி. நான் எடுத்துக்கிட்ட அளவு 1/16. நெஜத்துல ஒரு அடின்னா மாடல்ல முக்கால் இஞ்ச். மனசுலயே கணக்கு போட்டுக்கலாம். இறக்கை 78 இஞ்ச், உடம்பு 48 இஞ்ச். எங்க வீட்டு மாடிப்படி வளைவுல ஆறரை அடி இறக்கையைத் திருப்பவே முடியாது. அதனால மூணு துண்டா கழட்டி மாட்டற மாதிரி, உள்ள கார்பன் குழாய் போட்டுப் பண்ணினேன். ராயபுரம் வீடுகளை மனசுல வெச்சு எந்த அமெரிக்காக்காரனும் பிளேன் டிசைன் பண்றதில்ல.

டிசைன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். ஸ்கேல் மாடல் கட்டறதுல இருக்கற சுகமே, அந்த பிளேன்ல ஒவ்வொண்ணும் ஏன் அங்க இருக்குன்னு கை வழியா புரியறதுதான். கேட்டலினாவைப் பாத்தா மொதல்ல அசிங்கமாத்தான் இருக்கும். உடம்புக்கு மேல ஒரு கழுத்து, கழுத்துக்கு மேல இறக்கை, இறக்கை மேல நெத்தியில ரெண்டு கண்ணு மாதிரி எஞ்சின். ஏன் அவ்வளவு உயரம்? தண்ணி தெறிச்சா பங்காவுல படக்கூடாது. தண்ணித் துளி வேகமா சுத்தற பங்காவை அரிச்சுடும். அந்தக் கழுத்தையும் சும்மா விடல, அதுக்குள்ள ஃப்ளைட் எஞ்சினியருக்கு ஒரு சீட்டு, ரெண்டு பக்கமும் குட்டி ஜன்னல். இறக்கை நுனியில தொங்கற மிதவை ரெண்டும் மேல போனதும் மடங்கி இறக்கையோட நுனியாவே மாறிடும். உடம்புக்குள்ள படுக்க பலகை, சமைக்க அடுப்பு. ஏன்னா வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் சுமார்தான். இங்கேர்ந்து போர்ட்பிளேர் 1,300 கிலோமீட்டருக்கு மேல. போகவரவே பதிமூணு பதினாலு மணி நேரம். கொக்கலயிலேர்ந்து ஆஸ்திரேலியாவோட பெர்த்துக்கு 1943லேர்ந்து 45 வரைக்கும் குவான்டாஸ் ஓட்டின கேட்டலினா 27லேர்ந்து 33 மணி நேரம் தரையே பாக்காம பறந்துச்சு. உள்ள இருக்கறவங்க ரெண்டு சூரிய உதயம் பாப்பாங்களாம். நமக்கு கோயம்பேடு போறதுக்குள்ள மூச்சு முட்டுது.

உடம்புதான் பெரிய வேலை. மூணு மில்லிமீட்டர் பிளைவுட்ல குறுக்குச் சட்டங்கள், அது மேல பால்சா பட்டை ஒட்டி, அதுக்கும் மேல கண்ணாடி இழைத் துணி. இந்தத் துணி ரெசின் சமாச்சாரம் எனக்குப் புதுசு. ஆனா காசிமேட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு கண்ணாடி இழைக்கு வாத்தியார் தேடி எங்க போறது? கட்டுமரம் போய் ஃபைபர் போட் வந்ததுலேர்ந்து அந்தக் கரையில ரெசின் வாசனை இல்லாத நாள் இல்ல. போட் ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட உடம்பைத் தூக்கிட்டுப் போய் நின்னேன்.

"இன்னாபா இது, போட்டா பிளேனா?"

"ரெண்டும்ணா."

"அப்ப ரெண்டுங்கெட்டான்னு சொல்லு."

சிரிச்சுட்டு, தலைகீழா திருப்பி அடியைத் தடவிப் பாத்தார். எடுத்த எடுப்புல சொன்னது இதுதான்: "மூக்குல தர்மாகோலு வெச்சிக்கீறியே, எங்க ரெசின அதுல ஊத்தின, ஒரே நிமிசத்துல துன்னுடும். நீ எபாக்ஸி வாங்கினு வா." அந்த ஒரு வார்த்தை என் ரெண்டு மாச உழைப்பைக் காப்பாத்திச்சு. படகுக்கு ஊத்தற பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைச்சுடும், எபாக்ஸி கரைக்காது. அவங்க போடறது சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட். எனக்கு வேண்டியது 50 கிராம் கூட வராத சல்லாத் துணி. "இது இன்னா, புடவைத் தலப்பு மாதிரி கீது"ன்னு சிரிச்சாலும், அதை ஒரு குமிழி இல்லாம பிரஷ்ஷால ஒத்தி ஒத்தி எடுத்த விதம் இருக்கே... சென்னை வெயில்ல எபாக்ஸி சீக்கிரம் இறுகிடும். அதனால கொஞ்சம் கொஞ்சமா கலக்கணும், விடியக்காலையில வேலையை முடிக்கணும். இதெல்லாம் அவர் சொல்லித் தந்த பாடம்.

அப்புறம் அடியில இருந்த படியைக் காட்டிக் கேட்டார். "நடுவுல படி மாதிரி வெட்டி வெச்சிக்கீறியே, இன்னாத்துக்கு?"

பறக்கும் படகோட மொத்த ரகசியமும் அந்தப் படிதான் மக்களே. ஒரு ஸ்பூனை எடுத்து, அதோட முதுகை குழாய்த் தண்ணி ஓரமா வெச்சுப் பாருங்க. தண்ணி ஸ்பூனைத் தள்ளாது, உள்ள இழுக்கும். வளைஞ்ச பரப்பு மேல ஓடற தண்ணி அப்படித்தான் ஒட்டிக்கும். வழவழன்னு முழுசா வளைஞ்ச அடிப்பாகத்தோட ஒரு பிளேன் ஓடினா, எவ்வளவு வேகம் போனாலும் தண்ணி வாலைப் புடிச்சு வெச்சிக்கும், மூக்கைத் தூக்க விடாது. நடுவுல ஒரு படி வெட்டினா, அந்த எடத்துல தண்ணி உடம்பை விட்டுப் பிரியும், காத்து உள்ள பூரும், பிடி விட்டுப் போகும். அந்தப் படி, பிளேனோட எடை நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால இருக்கணும். நான் இதை எல்லாம் விளக்க வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணன் சொல்லிட்டார்: "தண்ணி புடிச்சி இழுக்கும்ல, அத்த அறுத்து வுடறதுக்கா?" அதேதான்ணா. அந்த ஓரத்தை மட்டும் கத்தி மாதிரி கூரா வெச்சுத் தேய்ச்சுக் குடுத்தார். ஐஸ் போட்டு மீன் வைக்கற பெரிய தொட்டியில தண்ணி ரொப்பி அங்கேயே மிதக்க விட்டுப் பாத்தோம். ஒரு சொட்டு உள்ள வரல. காசு குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டார். "பறந்தா காட்டு, போதும்."

மத்த விவரங்கள் சுருக்கமா. ரெண்டு பிரஷ்லெஸ் மோட்டார், நாலு செல் லிப்போ பேட்டரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. வயர், கனெக்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட். ரிசீவரை ஒரு பலூனுக்குள்ள போட்டுக் கட்டி வாயை சிலிக்கான்ல அடைச்சாச்சு. நெஜத்துல பங்கா சுமார் 12 அடி, ஸ்கேல்படி 9 இஞ்ச். அது பத்தாது, அதனால மூணு இலை 11 இஞ்ச். நுனி மிதவைகளை மடக்க ஆளுக்கொரு குட்டி சர்வோ. எடை மொத்தம் நாலு கிலோ சொச்சம். மோட்டார் ரெண்டும் அவ்வளவு உயரத்துல இருக்கறதால திராட்டில் குடுத்தா மூக்கு கீழ குத்தும். அதை ரேடியோவுலயே எலிவேட்டரோட கலந்து சரி பண்ணணும். தண்ணியில திரும்ப ஒரு மோட்டாரைக் கூட்டி இன்னொண்ணைக் குறைக்கணும். நெஜ பைலட்டுங்களும் அதைத்தான் பண்ணினாங்க. நாலு இஞ்ச் உயர பைலட் ரெண்டு பேரை எம்-சீல்ல செஞ்சது என் பொண்ணு. ஒருத்தர் மூஞ்சி அவங்க கணக்கு டீச்சர் மாதிரி இருக்குன்னு அவளே சொல்றா. செலவுக் கணக்கு இங்க எழுத மாட்டேன், தங்கமணி இந்தப் பதிவைப் படிப்பாங்க :-)

கலர் அடிக்கறப்பதான் தாத்தா உதவினார். மேல சாம்பல், அடியில வெள்ளை. "எறங்கி வர்றப்ப வயிறு வெள்ளையா தெரியும்"னு அவரே சொன்னது. ரவுண்டு முத்திரைக்கு நான் பழக்கதோஷத்துல சிவப்பு, வெள்ளை, நீலம்னு சொன்னேன். "செவப்பு கெடையாது. நீலம்தான், கண்ணு மாதிரி"ன்னார். புத்தகமும் அதையேதான் சொல்லுது. நம்ம பக்கப் போர்முனையில ஜப்பானோட சிவப்பு வட்டம்னு நினைச்சு சொந்த ஆளுங்களே சுட்டுடக் கூடாதுன்னு, முத்திரையில இருந்த சிவப்பையே எடுத்துட்டாங்க. எண்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்னப் பையன் பாத்த கலர், அப்படியே உள்ள இருக்கு.

கட்டி முடிச்சு அவர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். கட்டில் மேல வெச்சேன். கையால மூக்கிலேர்ந்து ஆரம்பிச்சார். கழுத்து, எஞ்சின், இறக்கை, நுனி மிதவை. அங்க நிறுத்தி, அதை மடக்கி, திரும்ப இறக்கி, ரெண்டு மூணு தடவை. ஒண்ணும் பேசல. எனக்கு ஒரு யோசனை இருந்துச்சு. இதைப் பறக்க விடாம இங்கேயே கண்ணாடிப் பெட்டியில வெச்சுடலாமா? முதல் பறப்புல உடையற மாடல்தான் அதிகம். எட்டு மாசம், ஒரு நொடியில ஏரிக்குள்ள போயிடும். அவர்கிட்டயே கேட்டேன்.

"பறக்காத பிளேன எனக்கு எதுக்குடா காட்டின?"

முடிஞ்சுது கதை.

எங்க பறக்க விடறது? புழல் ஏரிக்கு ஆசைப்படவே கூடாது. ஊருக்கே குடிதண்ணி, பக்கத்துல மத்திய சிறை. திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்கம் துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம்னு இருக்கறப்ப ரிமோட்டைக் கையில எடுக்கறதே வம்பு. 2021 டிரோன் விதிகள் நம்மளை மாதிரி மாடல்காரங்களுக்கும் சேத்துத்தான். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சிருக்காங்க, பாத்துட்டுத்தான் போகணும். கடைசியில பொன்னேரிக்கு அப்பால பச்சை மண்டலத்துல ஒரு கிராமத்து ஏரி. பஞ்சாயத்துல சொல்லிட்டு, வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஏரி நெறைஞ்சிருந்த ஒரு ஜனவரி காலையில, ஆறரை மணிக்குப் போய்ச் சேந்தோம். பனி. காத்தே இல்ல. போட் அண்ணனும் வந்திருந்தார். விழுந்தா எடுத்துட்டு வர ஒரு தம்பி தெர்மாகோல் தெப்பத்தோட ரெடி.

திராட்டிலை மெதுவா ஏத்தினேன். மூக்குக்கிட்ட தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சுது. கொஞ்ச தூரம் உழுதுக்கிட்டே போச்சு. அப்புறம் உடம்பு மேல எழும்பி, படி மேல ஏறி, வழுக்க ஆரம்பிச்சுது. பின்னால வெள்ளையா ஒரு கோடு. நாப்பது மீட்டர் இருக்கும். கோடு நின்னுச்சு. பிளேன் மட்டும் போயிக்கிட்டிருந்துச்சு.

"அறுத்துக்கிச்சுடா!"ன்னு அண்ணன் போட்ட சத்தத்துல கரையில இருந்த கொக்கெல்லாம் பறந்துடுச்சு. நாலு நிமிஷம் பறந்தேன். மிதவையை மடக்கினேன். தலைக்கு மேல ஒரு வட்டம், வெள்ளை வயிறு வெயில்ல தெரியற மாதிரி. அப்புறம் மிதவையை இறக்கி, திராட்டிலைக் கொஞ்சம் வெச்சே தண்ணியில விட்டேன். ரெண்டு தடவை லேசா குதிச்சு உக்காந்துச்சு, வாத்து மாதிரியே.

அன்னிக்கு சாயந்திரமே செல்போன்ல எடுத்த வீடியோவைத் தாத்தாவுக்குப் போட்டேன். அவருக்குத் திரை தெரியல. நான் சொல்லிக்கிட்டே வந்தேன். இப்ப கிளம்புது தாத்தா, இப்ப வேகம் எடுக்குது, பின்னால தண்ணி வெள்ளையா வருது.

"தண்ணி நின்னுச்சா?"ன்னார்.

நின்னுடுச்சு தாத்தா.

"அப்ப மேல போயிட்டான்."

அடுத்த வாரம் ஏரிக்கரை ரோட்டுல வண்டியை நிறுத்திப் பாத்தேன். ஒரு போர் விமானத் தளம் இருந்ததுக்கான அடையாளம் என் கண்ணுக்கு எதுவும் படல. தண்ணி, கொக்கு, தூரத்துல லாரிச் சத்தம். எங்க வீட்டுக் குழாயில வர்ற தண்ணிக்குள்ள இப்படி ஒரு கதை இருக்குன்னு, கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எனக்கும் தெரியாது. உங்க ஊர்ல, உங்க வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது இந்த மாதிரி "ரீல்" விட்டுக்கிட்டிருந்தா, ஒரு தடவை உக்காந்து முழுசா கேட்டு வெச்சுக்குங்க. பிளேன் எல்லாம் கட்ட வேண்டாம். எழுதி வெச்சாலே போதும்.

பி.கு 1: படகு ரெசினை தெர்மாகோல் மேல ஊத்தாதீங்க. பதிவுல மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

பி.கு 2: அடுத்தது என்னன்னு பொண்ணு கேக்கறா. டி ஏஞ்சலிஸ் விமானத்துக்கு நல்ல வரைபடம் யாராவது வெச்சிருந்தா சொல்லுங்க. தங்கமணிக்குத் தெரிய வேண்டாம்.